மாமாங்கம் பார்த்த ஒரே ஆட்டம்

மாமாங்கம் அண்ணைக்குச் சனிக்கிழமை என்றொரு நாள் இருந்ததில்லை. ஹொட்டேல் லோண்டரியில் அன்றைக்குத்தான் வேலை அதிகம். வெள்ளி இரவு வந்து தங்கியவர்களின் படுக்கை விரிப்புகள் காலை பத்து மணிக்கே சக்கரக் கூடைகளில் கீழே வரத் தொடங்கிவிடும். அவற்றைத் தோய்த்து, காயவைத்து, சூடு ஆறுமுன் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அவர் அந்த மடிப்பின் ஒரு பக்கத்தில் நின்றார். எதிர்ப்பக்கத்தில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர், ஓர் எதியோப்பியர், பிறகு ஒரு திபெத்தியப் பெண் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

நான் அவர் வீட்டில் அறை எடுத்திருந்தேன். ரொறன்ரோ நகரத்துச் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடி. அந்த அறை அவருடைய மகன் கிருஷாந்தினுடையது. அவன் யூனிவர்சிற்றி விடுதிக்குப் போனபிறகு எனக்கு வந்தது. நான் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கத்துச் சிற்றூர்க்காரன். எங்கள் ஊரில் பட்டம் பெற்ற முதல் ஆள். ரொறன்ரோவில் அந்தப் பட்டத்தை யாரும் கேட்கவில்லை என்றாலும், அந்தக் கட்டடத்துத் தமிழர்கள் கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், நன்றி நவிலல் எது வந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். எழுதிக் கொடுத்தால் ஒற்றுப்பிழைகூட இராது. இந்தக் கதையும் அப்படித்தான் என்னிடம் வந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

ஊரில் யுத்தம் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மாமாங்கம் அண்ணையுடைய சொந்த அண்ணன் அருள்நாயகம் வன்னியில் விசுவமடுவில் கலியாணம் செய்து அங்கேயே இருந்தவர். மாசி மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சித்திரையிலும் வைகாசியிலும் மாமாங்கம் அண்ணை வேலை முடிந்து நேரே, யுத்தத்தை நிறுத்தக் கேட்டுத் தமிழர்கள் மறித்து நின்ற யூனிவர்சிற்றி அவெனியூவுக்குப் போய்ச் சனத்தோடு சனமாக நின்றுவிட்டு வருவார். பிறகு முகாம் பட்டியல்களில் பெயர் தேடினார். செட்டிகுளம் முகாமில் ஆளைத் தெரிந்த ஆளைத் தெரிந்தவர்களோடெல்லாம் கதைத்தார். கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவர் வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, எமில்டா என்ற பெண் இலங்கையிலிருந்து போன் எடுத்தாள். அண்ணனுடைய பக்கத்துக் காணிக்காரி. அந்தக் கிழமைதான் முகாமிலிருந்து விடப்பட்டவள்.

அவர் "ஓம்" என்றார். "ஓம்... ஓம்" என்றார். பிறகு மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

மாலை ஐந்தரைக்கு வந்து, ஜக்கெற்றைக் கழற்றாமலே என் முன்னால் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரு அறிவித்தல் எழுதோணும்."

"ஆருக்கு அண்ணை?"

"அண்ணனுக்கு."

தாளை எடுத்தேன். இறந்த தேதி கேட்டேன்.

"வைகாசி பத்தோ பதினொண்டோ. அந்தப் புள்ளைக்கும் தெரியல்ல. அங்க ஆரு நாள் எண்ணினது? பங்கருக்குள்ளயே வைச்சு மூடினதாம்."

'வைகாசி மாதம்' என்று எழுதினேன். பெற்றோரின் பெயர்களை எழுதினேன். மனைவி முன்பே காலமானவர் என்று எனக்குத் தெரியும், அதையும் எழுதினேன். 'மாமாங்கம் (கனடா) அவர்களின் அன்புச் சகோதரரும்' என்று எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்:

"அதுக்கு முன்னுக்கு ஒரு வரி வரும். கிருஷாந்தின்ர தகப்பன்."

"பெரியப்பா எண்டு எழுதவா?"

"தகப்பன் எண்டுதான் சொன்னனான்."

நான் பேனையை வைத்தேன். அவர் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

தொண்ணூற்றியோராம் ஆண்டு அவருடைய நிரந்தர வதிவிடப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர், பிள்ளைகளுக்கான இடத்தில் வந்து நின்றாராம். "ஐசே, வெறுமையா விடாதையும். ஊரில சொந்தத்துக்குள்ள சின்னப் பிள்ளை ஏதும் இருக்கோ?" அண்ணனுக்கு இரண்டு வயதில் ஒரு பெடியன் இருக்கிறான் என்று இவர் சொல்லியிருக்கிறார். "அப்ப உம்மட மகன் எண்டு எழுதும். பஸ்ஸில துண்டு போட்டு இடம் பிடிக்கிறேல்லையோ? ஆள் ஏறினா ஏறட்டும், ஏறாட்டி விடட்டும்." அந்தக் காலத்தில் அப்படி எழுதியவர்கள் பலர் இருந்தார்கள். பிள்ளைக்குத் தாய் வேண்டுமே என்று அடுத்த வரியில் 'மனைவி காலமானார்' என்று எழுதினார்கள். இருபத்திநாலு வயதில், ஒரு பெண்ணின் கையையும் பிடிக்காமல், மாமாங்கம் அண்ணை தபுதாரன் ஆனார்.

தொண்ணூற்றியாறில் அண்ணி ஷெல் விழுந்து இறந்துபோனார். அடுத்த வருடம் அண்ணன் பெடியனை அனுப்பி வைத்தார். துண்டு போட்ட இடத்தில் எட்டு வயதில் கிருஷாந் வந்து உட்கார்ந்தான்.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே அவனுக்கு ஒரு சட்டம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்குள் 'சித்தப்பா', கதவுக்கு வெளியே 'அப்பா'. பெடியன் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. லிப்ற்றுக்குள் ஆள் நின்றால் 'அப்பா', ஆள் இறங்கியதும் 'சித்தப்பா'. நான் நின்றால் வீட்டுக்குள்ளும் 'அப்பா'தான்; இரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்து நானும் அதைத்தான் நம்பியிருந்தேன்.

"கலியாணம் ரெண்டு பொருந்தி வந்த," என்றார். "பொம்புளையைக் கூப்பிட புதுப் படிவம் போடோணும். புதுசு போட்டா பழைய பைலைத் திறப்பாங்கள். புள்ளையைத் திருப்பி அனுப்பினாங்கள் எண்டா? நான் விட்டுட்டன்."

அவருக்கு இப்போது தெரியவேண்டியது ஒன்றுதான். அண்ணனின் அறிவித்தலில் மகன் என்று கிருஷாந்தின் பெயரைப் போடலாமா? போட்டால் ஊர் கேட்கும். நாலு பேர் கதைப்பார்கள். அந்தக் கதை போகக்கூடாத இடத்துக்குப் போனால் பெடியனின் பிரஜாவுரிமையிலேயே கைவைப்பார்கள். போடாவிட்டால், பங்கருக்குள் மூடப்பட்ட மனிதன் பிள்ளை இல்லாதவனாகவே போய்ச்சேர வேண்டியதுதான்.

"அது அவன்ர வாழ்க்கை. அவன்தான் சொல்லோணும்," என்றார். "தமிழ் ரேடியோக்காரர் அறிவித்தலை நாளைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு முதல் கேட்டவங்கள். ஞாயிறு போடாட்டி, எமில்டா சொல்லித் தெரிஞ்ச சனம் எனக்குப் போன் எடுத்துச் சொல்லும். அது மரியாதை இல்ல."

கிருஷாந்துக்குப் போன் எடுத்துப் பார்த்தோம். அணைத்திருந்தது. அடுத்தநாள் மாகாணத்து யூனிவர்சிற்றிகளின் புட்போல் இறுதியாட்டம். நம்முடைய உதைபந்து இல்லை; தலைக்கவசம் போட்டு, பந்தைக் கையால் எறிந்து, முட்டி மோதி ஆடும் கனடா ஆட்டம். அவன் ரீமில் அறுபத்துமூன்றாம் நம்பர். ஆட்டத்துக்கு முதல்நாள் கோச் எல்லாப் பெடியன்களின் போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவாராம்.

"அப்ப நேரே போவம்," என்றார். லோண்டரியில் எதிரே நின்று மடிக்கும் திபெத்தியப் பெண்ணுக்குப் போன் எடுத்து, இரண்டு ஞாயிறுகளை அவளுக்குக் கொடுத்து, ஒரு சனிக்கிழமையை வாங்கினார்.

அவன் விளையாடிய மூன்று வருடத்தில் அவர் ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை. பெற்றோருக்கென்று பெடியன் கொண்டுவந்து கொடுத்த அனுமதி அட்டை, கயிற்றோடு, குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் மைதானத்துக்குள் போனதும் பெற்றோர் வரிசைக்கு வர மறுத்துவிட்டார்.

"அங்க இருந்தா அவன் கண்டிருவான். கண்டா யோசிப்பான். ஆடி முடியட்டும், மறுகா சொல்லுவம்."

ஆகவே மேலே, கடைசிப் படியில், காற்று நேரே வந்து மோதும் மூலையில் உட்கார்ந்தோம். கீழே ஐயாயிரம் பேராவது இருப்பார்கள். முகத்தில் நீலமும் வெள்ளையும் பூசியவர்கள், மேளம் அடிப்பவர்கள், கம்பளிப் போர்வைக்குள் குடும்பமாகப் புகுந்திருந்தவர்கள். எங்களைச் சுற்றி இரண்டு வரிசைக்கு ஒருவரும் இல்லை.

எனக்கு ஆட்டம் ஓரளவு தெரியும். பந்தை வைத்திருக்கும் பக்கத்துக்கு மூன்று தடவை சந்தர்ப்பம்; அதற்குள் பத்து யார், அதாவது பத்துக் கெஜம், முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து மறுபக்கத்துக்குப் போய்விடும். சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு கேட்டார்.

"நம்மட ஆள் எது?"

நடு வரிசையில் இரண்டு கையும் நிலத்தைத் தொடக் குனிந்து நின்ற பெரிய உருவத்தைக் காட்டினேன். முதுகில் 63. அதற்கு மேலே ஆங்கிலப் பெரிய எழுத்தில் மாமாங்கம். நம் வழக்கப்படி தகப்பன் பெயர்தானே பிள்ளைக்குக் கடைசிப் பெயர். படிவத்தில் தகப்பன் இவர்.

அவர் அதை வாசித்தார். விசில் ஊத, இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு விழுந்தன.

"பட்டி மாட்டைத் திறந்து விட்ட மாதிரிக் கிடக்கு," என்றார். இன்னும் நாலைந்து தடவை பார்த்துவிட்டு, "இவன் ஏன் பந்தை எடுக்கிறானில்ல?" என்றார்.

"அவற்ற வேலை அது இல்ல அண்ணை. பின்னால நிக்கிறவன் எறிவான். எறியுமட்டும் அவனில ஒருத்தரும் முட்டாம இவர் மறிக்கோணும்."

"முழுக்கவும் அதுதானா?"

"முழுக்கவும் அதுதான்."

"பேப்பரில படம் வராது அப்ப."

"வராது."

இரண்டாவது காற்பகுதியில் நடுவர் செம்மஞ்சள் துணியை எறிந்தார். ஆட்டம் நின்றது. எங்கள் பக்கத்தில் யாரோ ஒருவன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டான். ஒலிபெருக்கி கரகரத்து, அறுபத்துமூன்று, மாமாங்கம் என்று முழு மைதானத்துக்கும் அறிவித்தது.

மாமாங்கம் அண்ணை எழும்பி நின்றார்.

வைத்தியசாலையிலும் இமிகிறேசன் கந்தோரிலும் வங்கியிலும் பெயர் கூப்பிட்டால் எழும்புகிற மனிதர். அப்படியே எழும்பி, "ஓம்," என்று சொல்லி, நிமிர்ந்து நின்றார். நான் ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தேன்.

"இரியுங்க அண்ணை. உங்களை இல்ல, அவனை."

"என்னத்துக்கு?"

"பிழை விட்டிட்டான். பத்து யார் பின்னுக்குப் போகோணும்."

உட்கார்ந்தார். வெட்கத்தில் முகம் சிவந்து, சிரித்துவிட்டார். அவரோடு நானும் சிரித்தேன். அந்த இரண்டு நாளில் அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான். கீழே கிருஷாந் தலைக்கவசத்தைக் கழற்றி, இடுப்பில் கைவைத்து, எங்கள் பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"கண்டிருப்பானா?"

"இவ்வளவு சனத்துக்குள்ளயா? கண்டிருக்கமாட்டான்," என்றேன். வெறுமையான படிகளில் எழும்பி நின்ற ஒரே ஆளை எவனும் காண்பான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இடைவேளைக்குப் பிறகு எதிர்ப்பக்கம் ஒன்பது புள்ளியால் முன்னால் போனது. பிறகு எங்கள் பக்கம் ஏறியது. கடைசிப் பத்து நிமிடம் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மாமாங்கம் அண்ணை பந்தைப் பார்க்கவே இல்லை. பந்து எந்தப் பக்கம் பறந்தாலும் அவருடைய கண் அறுபத்துமூன்றிலேயே நின்றது. அவன் விழுந்தால் கையை ஊன்றுவார். எழும்பினால் கையை எடுப்பார். எங்கள் பக்கம் இரண்டு புள்ளியால் வென்றது. சனம் வேலியைத் தாண்டிப் பாய்ந்தது.

"என்ன, முடிஞ்சுதா?" என்றார்.

"வெண்டாச்சு அண்ணை."

"அவன் வெண்டவனா?"

"ஓம்."

கீழே இறங்க நேரம் எடுத்தது. புல்வெளியில் ஒவ்வொரு பெடியனையும் சுற்றி ஒரு குடும்பம் நின்றது. தாய்மார் சேறு பூசிய முகங்களைப் பிடித்து முத்தமிட்டார்கள். கிண்ணம் கைமாறிக் கைமாறி ஒவ்வொரு குடும்பத்தோடும் படம் எடுத்துக்கொண்டது. பெரிய கமரா வைத்திருந்த ஒரு பெண் அண்ணையின் கழுத்தில் தொங்கிய அட்டையை வாசித்தாள். கிருஷின் அப்பாவா, இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கிருஷாந்தின் பக்கத்தில் நிறுத்தினாள். இன்னும் கிட்டப் போங்கள், தோளில் கைபோடுங்கள் என்றாள். அந்தத் தோள் அவருக்கு எட்டவில்லை. கிருஷாந்தான் குனிந்து கொடுத்தான். இரண்டு நாள் சவரம் செய்யாத முகத்தோடு மாமாங்கம் அண்ணை கிண்ணத்தின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கமரா போனதும் கிருஷாந் கேட்டான்:

"ஊரில இருந்து போன் வந்ததா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"ஐ சோ யூ. பெனல்ற்றி நேரம். மேல தனிய நிண்டீங்க. சனிக்கிழமை நீங்க ஒருநாளும் வந்ததில்ல. எனக்கு அப்பவே விளங்கிற்று."

"விளங்கியும் விளையாடினியா மனே?"

"வேற என்ன செய்யிற?" என்றான். பிறகு, "எப்ப?" என்றான்.

"வைகாசியில."

"மேயா?" அவன் கையில் கட்டியிருந்த துணியைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். "மேயில நான் சம்மர் ட்ரெய்னிங்ல நிண்டன். ஐ வாஸ் ஹப்பி."

நான் நாலு அடி தள்ளி நின்றேன். என்றாலும் கேட்டது. மாமாங்கம் அண்ணை அறிவித்தலைப் பற்றி நிதானமாகச் சொன்னார். போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று இரண்டு பக்கத்தையும், எந்தப் பக்கமும் சாயாமல், கடைக்காரன் தராசு பிடிப்பதுபோலச் சொன்னார். கடைசியில், "நீ எதைச் சொன்னாலும் சரி. ஒரு சொல்லுச் சொல்லு," என்றார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"என்னைக் கேக்காத. அண்ணன் உனக்கு ஆரு எண்டு நீதான் சொல்லோணும்."

கிருஷாந் அவிழ்த்த துணியைக் கைக்குள் சுருட்டினான்.

"எனக்கு அவற்ற முகம் வருகுதில்ல," என்றான். "ட்ரை பண்றன். படத்தில இருக்கிற முகம்தான் வருது. போன்ல கதைச்சா, சாப்பிட்டியா, படிக்கிறியா... மறுகா ரெண்டு பேரும் சும்மா இருப்பம். போன் காட்டில காசு முடியுமட்டும்." மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "அவர் பாவம். ஆனா எனக்கு அப்பா நீங்கதானே. அப்பா, வேற ஆரு?"

அவர்களைச் சுற்றி நின்றவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. என்னை அவன் மறந்துவிட்டிருந்தான். சட்டப்படி அங்கே 'சித்தப்பா' என்றுதான் வந்திருக்க வேண்டும்.

மாமாங்கம் அண்ணையின் வாய் திறந்தபடி நின்றது. சந்தோசப்படுகிறவரைப் போலவும் இருந்தது. வயிற்றில் அடிபட்டவரைப் போலவும் இருந்தது. கிருஷாந்தின் நெஞ்சில், அந்தப் பிளாஸ்ரிக் காப்பின் மேல், கையை வைத்து இரண்டு தடவை தட்டினார்.

"பெரியப்பா எண்டு போடுங்க," என்றான் அவன். "அது போதும்தானே?"

"காணும் மனே."

பின்னாலிருந்து ரீம் பெடியன்கள் 'கிருஷ், கிருஷ்' என்று கூப்பிட்டார்கள். ஊர்வலம் போக பஸ் நின்றது.

"நான் வீட்ட வரட்டா? இப்ப வாறன், வேணுமெண்டா."

"போ. அவங்கள் காத்து நிக்கிறாங்கள்."

"ஷுவரா?"

"போ மனே. நீ வெண்டனீ."

அவன் போனான். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். மூன்றாவது தடவை ஒருவன் அவன் முதுகில் ஏறிக்கொண்டான்.

சப்வேயில் வீடு திரும்பினோம். ஷேர்போர்ன் ஸ்ரேசனில் இறங்கி வரும்போது சொன்னார்:

"அண்ணன் ரெலிபோனில ஒவ்வொரு முறையும் ஒண்டைக் கேப்பான். பெடியன் உன்னை என்னெண்டு கூப்பிடுறான் எண்டு. சித்தப்பா எண்டுதான் எண்டு சொல்லுவன். நல்லம் எண்டுவான்."

வீட்டுக்கு வந்து ஐந்தே முக்காலுக்கு அறிவித்தலைத் திருத்தி எழுதினேன். 'மாமாங்கம் (கனடா) அவர்களின் அன்புச் சகோதரரும், கிருஷாந் (கனடா) அவர்களின் பெரியப்பாவும் ஆவார்.' இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிழை இருக்கிறதா என்று கேட்டார். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை என்றேன். ரெலிபோனில் ரேடியோக்காரருக்கு அவரே சொல்லிக் கொடுத்தார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, சோகமான வயலின் இசைக்குப் பின்னால், அறிவித்தல் ரேடியோவில் போனது. ஒரு நிமிடமும் இல்லை. அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ரெலிபோனுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அஜின்கோர்ட் பக்கத்திலிருந்து ஊர்க்காரர் போன் எடுத்தார்கள். மார்க்கம் நகரத்திலிருந்து எடுத்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஆறியபின் வேறு ஊற்றினேன். பத்து மணிபோல ஒஷாவாவிலிருந்து சிவபாதம் எடுத்தார். ஒருகாலத்தில் லோண்டரியில் கூட வேலை செய்தவர். அவருடைய குரல் அறை முழுக்கக் கேட்கும்.

"மாமாங்கம், ரேடியோவில கேட்டனான். உம்மட சொந்த அண்ணரோ?"

"ஓம்."

"ஆளை நான் அறியன். குடும்பம் எங்கை?"

"மனிசி முந்தியே ஷெல்லில போயிற்றா."

"பிள்ளையள்?"

அவர் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"இல்ல."

"ஒண்டும் இல்லையோ?"

"இல்ல."

"அடக் கடவுளே. கொள்ளி வைக்கவும் ஆளில்லாமல் தனிச்சுப் போயிருக்கிறார் மனிசன். சரி, என்ன செய்யிறது. உமக்கெண்டாலும் ஒரு சிங்கக்குட்டி இருக்கு. நேற்று வெண்டவனாமே, என்ர மகன் சொன்னவன்."

"ஓம், வெண்டவன்."

"பெருமைதானே ஐசே."

"ஓம்," என்றார் மாமாங்கம் அண்ணை. "பெருமைதான்."

வைத்துவிட்டுக் கையை அதன் மேலேயே வைத்திருந்தார். அது மறுபடியும் அடித்தது.